தறிச் சத்தத்துக்கு அடியில்

அந்த கேசட்டுகளில் பெரும்பாலானவை தறி ஓடும் வீடுகளில் பதிவானவை. அதுதான் எங்களுக்கு முதல் சிக்கலாக இருந்தது.

ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியின் மாணவிகள் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்திலும் சுற்றுப்பக்கத்திலும் வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். தொழில், கல்யாணம், திருவிழா, சாப்பாடு என்று கேட்டுக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். மாணவிகள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கேசட்டுகள் ஓர் இரும்பு பீரோவுக்குள் போய்விட்டன. தூக்கிப் போட யாருக்கோ மனம் வராததால், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் இரண்டறை அலுவலகத்துக்கு அந்த பீரோவோடு வந்து சேர்ந்தன.

அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர். மற்றவர் முன்பு கேசட் கடையும் மைக் செட்டும் வைத்திருந்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அறுந்த நாடாவை ஒட்டுவது, பூஞ்சையைத் துடைப்பது, ஓடவிட்டுக் கணினியில் ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. அதற்குப் பிறகு வருவது என்னுடையது. பேச்சைக் கேட்டு எழுத்தாக மாற்றும் மென்பொருளிடம் ஒவ்வொரு பதிவையும் கொடுத்து, வருகிற எழுத்தைத் திருத்தி, யாரும் தேடக்கூடியதாக்கிப் பொதுவில் திறந்துவிட வேண்டும். தேடல் பெட்டியில் ‘சீமந்தம்’ என்று தட்டினால், சீமந்தத்தைப் பற்றி யார், எந்த கேசட்டில், எந்த நிமிடத்தில் பேசினார்கள் என்று வரிசையாக வரவேண்டும். தொட்டால் அந்த இடத்திலிருந்து குரல் கேட்க வேண்டும். அதுவரை ஒரு கேசட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, உட்கார்ந்து முழுக்கக் கேட்பதுதான்.

தறிச் சத்தம் இதைக் கெடுத்தது. குறுக்கே போன இழையை நெருக்கித் தள்ளுவதற்குத் தறியின் பலகை வந்து அடிக்கும்போதெல்லாம் மென்பொருள் பேச்சைக் கோட்டைவிட்டது. எங்கெங்கே தடுக்குகிறது என்று வகை பிரித்து எழுதினேன். பலகை அடி, மிதிக்கட்டை முனகல், ஜக்கார்டு பெட்டியின் சடசடப்பு, சேவல், குக்கர், தெருவில் போகிற வண்டி. சேவலையும் குக்கரையும் அது எப்படியோ சமாளித்தது. தறியை மட்டும் அதற்குத் தெரியவில்லை. அந்த மென்பொருளைச் செய்தவர்கள் யாரும் தறி வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

ஆகவே, தறி என்றால் இதுதான் என்று அதற்குச் சொல்லித்தர, வெறும் தறிச் சத்தத்தைப் பதிவு செய்யப் போனேன். என் பள்ளித் தோழியின் வீட்டில் இன்றும் மூன்று தறிகள் ஓடுகின்றன. யாரும் பேசாமல் நெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தோழியின் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“வாயை மூடிக்கினு நெய்யச் சொல்றியே, இது இன்னா பரீட்சை ஹாலா? தறியில உக்காந்தா பேசணும்மா. பேசாம உக்காந்தா தூக்கம்தான் வரும்.”

அன்று நான் சிரித்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதை யோசித்திருந்தால் பின்னால் நடந்தது எனக்குக் கொஞ்சம் முன்கூட்டியே புரிந்திருக்கும்.

தறிச் சத்தத்தைத் தனியாகப் பிரித்து எடுக்கும் பயிற்சி முடிந்ததும், முதலில் சோதித்துப் பார்த்தது ஐயம்பேட்டையில் பதிவான ஒரு கேசட். அந்த வீட்டுப் பெரியவர் முன்னறையில் உட்கார்ந்து மாணவிகளிடம் பேசுகிறார். அருகிலேயே தறி ஓடுகிறது. சத்தத்தை நீக்கியதும் பெரியவரின் குரல் கழுவி வைத்தது போல வந்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. எழுத்து வடிவத்தைத் திறந்து படித்தபோதுதான், பெரியவரின் வாக்கியங்களுக்கு நடுவே வேறு யாரோ பேசியிருப்பதைக் கவனித்தேன். இரண்டு பெண்கள். தறியில் உட்கார்ந்திருந்தவர்கள். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் சேர்த்து நெய்யும் கோர்வைப் புடவை என்றால், நெய்பவருக்குப் பக்கத்தில் கரைக்கு நாடா போட, அதாவது இழை ஓட்டும் கட்டையைத் தள்ளிவிட, இன்னோர் ஆள் உட்காருவது வழக்கம். அந்த இருவர்தான்.

பெரியவர் சொல்கிறார்: “எங்க வீட்டுல ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் ஒண்ணும் செய்ய மாட்டோம்மா.”

அடுத்த வரி, ஒரு பெண்: “அண்ணி, பயமா இருக்குது.”

“பயந்துக்கினே போ. பயம் போனப்புறம் போலாம்னு இருந்தா கெழவி ஆயிடுவ.”

“அண்ணனுக்குத் தெரிஞ்சா?”

“உங்கண்ணன் வெள்ளிக்கெழம பாவு வாங்கப் போவாரு. பின்கட்டு சாவி தண்ணித் தொட்டி மேல இருக்கும். எடுத்துக்கினு கெளம்பு.”

பெரியவர்: “அப்படி ஒத்துமையா இருந்தாத்தான் தறி ஓடும்.”

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்த நாடாவை ஏற்றும்போது முழுக்கக் கேட்டவர். “நான் கேட்டப்ப தறிதான்மா கேட்டுது” என்றார். அவருக்கும் ஆச்சரியம். பதிவேட்டில் ‘பின்னணியில் இரு பெண்கள், குடும்பப் பேச்சு’ என்று குறித்தேன். மற்ற வீடுகளுக்கு அனுப்புவது போலவே, சம்மதம் கேட்டு எழுத்து வடிவத்தை அந்த வீட்டு எண்ணுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். பெரியவர் சில வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். எண் அவருடைய மருமகளுடையது.

மறுநாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, ஜெராக்ஸ் கடை வாசலில் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. கையில் போன்.

“நீதானேம்மா அனுப்பின?”

மாடிக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“எங்க வீட்டுக்காரரு தமிழ் நல்லா படிப்பாரு. என் போனையும் எடுப்பாரு. நல்லவேளை நேத்து சார்ஜ் இல்லாம கெடந்துது.”

“அந்த அண்ணி நீங்களா, அக்கா?”

“வேற யாரு? சாவிய வேற யார் வெக்கப் போறா?”

பிறகு அவரே சொன்னார். கணவரின் தங்கை ஓரிக்கைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையனை விரும்பினாள். வேறு ஜாதி. விஷயம் வெளியே கசிந்ததும் பெரியவர் பின்கட்டுக் கதவைப் பூட்டி, சாவியை மகனிடம் கொடுத்தார். முன்பக்கம் அவரே உட்கார்ந்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை மகன் தறிக்கான பாவு நூல் வாங்கப் போன நேரத்தில் பெண் போய்விட்டாள். பூட்டைத் திறந்துவிட்டு அவள் திரும்ப வைத்த சாவி தொட்டிமேல் கிடந்தது. மகன் குளிக்கும்போது மறதியாக அங்கே வைத்துவிட்டான் என்று வீட்டில் முடிவானது.

“மாமனார் சாகறவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித் திட்டினாரு. ‘ஒரு சாவிய வெச்சுக்கத் துப்பில்ல’ன்னு. ஆஸ்பத்திரியில மூக்குல டியூப் வெச்சப்பகூட. இவரு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன்.”

“நாத்தனார்?”

“நல்லா இருக்குது. ரெண்டு பசங்க. நான் எப்பவாவது போய்ப் பாப்பேன். இவரு பேசறதில்ல. ஓரிக்கை பஸ்ஸுன்னா ஏறக்கூட மாட்டாரு.”

அவர் என்ன கேட்க வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்த உரையாடல் தேடல் பெட்டிக்குள் போனால், ஐயம்பேட்டை என்று தட்டுகிற எவருக்கும் அது வந்து நிற்கும். இருபது வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைக் கணவர் ஏதோ ஒரு போனில், யாரோ காட்ட, படித்துத் தெரிந்துகொள்வார்.

“நான் செஞ்சது தப்புன்னு சொல்லல. மறுபடி நடந்தாலும் செய்வேன்” என்றார். “ஆனா அதை நான்தான்மா சொல்லணும். மிஷின் சொல்லக் கூடாது.”

“எப்படி அக்கா, பக்கத்திலேயே மாமனார் உட்கார்ந்திருக்கும்போது இதைப் பேசினீங்க?”

அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. மேசைமேல் கையை வைத்துத் தட்டிக் காட்டினார். பலகை வந்து விழுகிற அதே நொடியில் வாயைத் திறந்து மூட வேண்டும். எல்லாரும் கேட்கலாம் என்கிற பேச்சை அடிக்கும் அடிக்கும் நடுவே பேசுவார்கள். கேட்கக் கூடாததை அடிமேலேயே பேசுவார்கள். ரொம்பக் கேட்கக் கூடாததென்றால் கொஞ்சம் ஓங்கி அடிப்பார்கள். பக்கத்தில் நாடா போடுகிறவருக்கு மட்டும் கேட்கும். “தறி வீட்டுல மருமகளுக்குத் தனி ரூமா இருக்குது? எங்க ரூம் அதுதான்.”

நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வேலை என்னவென்று அந்த நிமிடம் தெரிந்தது. இரைச்சல் என்று நான் வகைப்படுத்தி நீக்கியது அவர்கள் வேண்டுமென்றே போட்டுக்கொண்ட கதவு.

எனக்குத் தெரிந்த வழிகளைக் காகிதத்தில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். பதிவை முழுக்க எடுத்துவிடலாம். அந்தப் பகுதியை மட்டும் வெட்டலாம். ஆள் தெரியாதபடி குரலை மாற்றலாம். சத்தம் நீக்கிய வடிவத்தை அழித்துவிட்டுப் பழையதை மட்டும் வைக்கலாம். ஒவ்வொன்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“மாமனார் பேசினதை எடுக்க வேணாம். அவரு வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை நல்லதா சொன்னது அன்னிக்குத்தான். வெட்டவும் வேணாம். அதுல என் நாத்தனாரும் நானும் இருக்கறோம். பழசு அப்படியே இருக்கட்டும். தட்டினா வரக் கூடாது, அவ்ளோதான்.”

“பழைய பதிவிலும் உங்க குரல் இருக்குதே அக்கா. உன்னிப்பாகக் கேட்டால்...”

“கேக்கட்டுமே. ஒருத்தர் வேலையெல்லாம் விட்டுட்டு முழுசா உக்காந்து, தறிச் சத்தத்தோட கேட்டு, அதுல இருந்து எடுத்தாங்கன்னா அது அவங்க பாடு. நாலு எழுத்தைத் தட்டிட்டு வர்றவங்களுக்கு நான் எதுக்கு என் கதையச் சொல்லணும்?”

போகும்போது படியில் நின்று திரும்பினார். “நீங்க இதைத் தொறக்கறதுக்கு முன்னாடி அவரைக் கூட்டிக்கினு வரேன். அவங்கப்பா குரலைக் கேக்கணும்னு ஆசைப்படுவாரு. நானே சொல்லிடறேன். வேற யாராவது சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது.”

அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் எனக்கும் நடந்த ஒரே வாக்குவாதம் அதுதான்.

“ஆவணம்னா ஆவணம்மா. இன்னிக்கு இந்த வீட்டுக்காக மறைச்சா நாளைக்கு நூறு வீடு வந்து நிக்கும்.”

“நாம எதையும் மறைக்கலை அண்ணா. நாடாவில் இருக்கிறது அப்படியே இருக்கும். நாடாவில் இல்லாததை நான் செய்து சேர்த்தேன். சேர்த்ததைத்தான் எடுக்கிறேன்.”

“அது எப்படி இல்லாதது? பேசினது இருக்குது இல்ல?”

“கேசட்டில் பேசச் சம்மதம் கொடுத்தவர் பெரியவர் மட்டும். இவங்களை அந்த மாணவிகள் எதுவும் கேட்கவே இல்லையே.”

அவர் ஒரு பழைய கேசட்டின் பல்சக்கரத்தில் பென்சிலை விட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்ததும், “மைக் செட்டு வெச்சிருந்தப்ப ஒண்ணு கத்துக்கினேன். மேடையில இருக்கற எல்லாரும் மைக்குல பேசறதில்ல” என்றார். அடுத்த கேசட்டை எடுத்தார். அந்த வாரம் முழுவதும் தறி வீட்டுப் பதிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கேள்விக்குப் பதில் சொல்கிறவரின் பேச்சை மட்டும் எழுத்தாக்கித் தேடலில் வைத்தேன். பக்கத்துக் குரல்களின் எழுத்தையும், சத்தம் நீக்கிய வடிவத்தையும் வெளியே எடுத்துத் தனியாகப் பூட்டினேன். அந்தந்த வீட்டாரைக் கேட்கும்வரை அவை அங்கேயே இருக்கும். தேடலில் கிடைப்பது வெகுவாகக் குறைந்தது. சுவையான இடங்கள் பல போய்விட்டன. வருத்தமாகத்தான் இருந்தது.

தேடலைத் திறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு மத்தியானம், அந்த அம்மாள் கணவரோடு வந்தார். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை. படியேறி வந்த மூச்சோடு, “அப்பா பேசினது இருக்குதாமே” என்றார். அந்த அம்மாளைப் பார்த்தேன். இன்னும் சொல்லவில்லை என்பது போலத் தலையை லேசாக அசைத்தார்.

பழைய பதிவைத்தான் போட்டேன், தறிச் சத்தத்தோடு. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் வைக்கலாமா என்று கேட்டேன். அவர் ஹெட்போனையே எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டார். நடுவே சிரித்தார். “வாயத் தொறந்தா ஒத்துமைதான். வீட்டுல எங்களை ஒரு நாள் சும்மா விட்டிருப்பாரா!” அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் நின்று தெருவைப் பார்த்தபடி இருந்தார். அண்ணா நாடாக்களைத் துடைப்பது போல ஒன்றையே துடைத்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று கணவர் கையைத் தூக்கினார். “இரும்மா. கொஞ்சம் பின்னால போ.”

பின்னால் தள்ளினேன். கேட்டார். மறுபடியும் கையைக் காட்டினார்.

“இது தங்கச்சி.”

“எதுங்க?” என்றார் அண்ணா.

“சிரிக்குது பாருங்க, பலகைக்குப் பின்னால. அவதான்.”

சிரிப்பு. எழுத்தாக மாற்றும் மென்பொருள் சிரிப்பை எழுதுவதில்லை. நான் படித்த பக்கத்தில் அது இல்லவே இல்லை.

அந்த அம்மாள் ஜன்னலிலிருந்து திரும்பினார். “நானும்தான் இருக்கறேன் அதுல.”

“நீ இன்னா பேசற?”

“சாவி எங்க இருக்கும்னு சொல்றேன்.”

அவர் ஹெட்போனைக் கழற்றினார். அதிலிருந்து தறிச் சத்தம் பொடியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தினேன்.

“எந்தச் சாவி?”

“பின்கட்டு சாவி. ஆணியில மாட்டியிருந்த உங்க சட்டையில இருந்து எடுத்தேன். தொட்டி மேல வெச்சேன்.”

“நான்தானே வெச்சேன். குளிக்கறப்ப.”

“இல்லங்க.”

“வெச்சேன். எனக்கு ஞாபகம் இருக்குது. சோப்பு டப்பா பக்கத்துல.”

“நீங்க வெக்கல. நான் வெச்சேன்.”

அவர் தன் வலது கையைப் பார்த்தார். செய்யாத ஒன்றைச் செய்ததாக அந்தக் கைக்கே ஞாபகம் வரும்வரை யாரோ சொல்லிச் சொல்லிப் பதியவைத்திருக்கிறார்கள். சோப்பு டப்பாகூட வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் அலமாரியில் இருக்கிற எந்தப் பதிவையும்விட அது தெளிவாக இருந்திருக்கும்.

“அப்போ நான் வெக்கல” என்றார்.

“இல்ல.”

“அப்பா சாகறப்பகூடச் சொன்னாரே.”

“தெரியும். பக்கத்துலதான் நின்னேன்.”

டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று அண்ணா கீழே இறங்கிப் போய்விட்டார். நானும் போயிருக்கலாம். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, “அவருக்கு நல்லா கேக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கியே, போட்டுக் காட்டும்மா” என்றார்.

“வேணாம்” என்றார் அவர். “நீ சொல்லிட்ட இல்ல.”

ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு, அந்தச் சிரிப்பு இருந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை கேட்டார். கழற்றி மேசைமேல் வைத்தார். மனைவியைப் பார்க்காமல் கேட்டார்.

“இப்பவும் இப்படித்தான் சிரிக்குதா?”

“இதைவிடச் சத்தமா.”

அவர் எழுந்து படியிறங்கினார். கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் பதறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணா கொண்டுவந்த டீயை வாங்கி முழுசாகக் குடித்தார்.

“கோவம்தான். இருக்கட்டும். அவருக்குச் சேரவேண்டிய கோவம் அது. இத்தனை வருசம் நான் எடுத்து வெச்சிருந்தேன்.”

“வீட்டுக்கு எப்படிப் போவீங்க?”

“ஷேர் ஆட்டோ எதுக்கு இருக்குது? நாங்க பேசினது தேடற பெட்டியில வராது இல்லம்மா?”

“வராது அக்கா.”

“கேசட்டுல இருக்கும் இல்ல?”

“இருக்கும்.”

நாங்கள் திறந்து இப்போது சில மாதங்கள் ஆகின்றன. நிறையப் பேர் தேடுகிறார்கள். பெரும்பாலும் சாப்பாட்டையும் திருவிழாவையும் தங்கள் தெருப் பெயரையும். அந்த அம்மாளின் கணவர் மட்டும் அவ்வப்போது வந்து அந்த ஒரே கேசட்டைக் கேட்கிறார். வீட்டில் என்ன ஆயிற்று, ஓரிக்கைக்குப் போனார்களா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. தேடல் பெட்டி இருக்கும் திரையை நகர்த்திவிட்டு, முதலிலிருந்து போடச் சொல்லுவார். நேராக அந்த நிமிடத்துக்கே போகலாம் என்று ஒரு முறை சொன்னேன். “இல்லம்மா, அப்பா பேசட்டும்” என்றார். அந்த இடம் நெருங்கும்போது தானே கை நீட்டி ஒலியைக் கூட்டுவார். தறிச் சத்தமும் சேர்ந்து கூடும்.